சட்டைப் பையில் இருந்த பீங்கான் கட்டை

மதியம் மணி இரண்டு பத்து. எனக்குத் தெரியவந்த நேரம் அது. தவறு காலையிலேயே நடந்து முடிந்திருந்தது.

சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மாத்திரைச் சீட்டில் ஏதோ குறிப்பதற்காகச் சட்டைப் பையில் பேனா தேடினேன். பேனாவுக்கு அடியில் குளிர்ச்சியாக, கனமாக ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுக்காமலேயே என்னவென்று தெரிந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மின் பராமரிப்பு பார்த்தவன் நான். பீங்கான் ஃபியூஸ் கட்டை எப்படியிருக்கும் என்று விரல் நுனிக்குத் தெரியும். என் மகள் நித்யாவின் வண்டியில், தலைக்கு மேலுள்ள சோலார் தகட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் இருக்க வேண்டிய கட்டை அது.

நித்யா பன்னிரண்டரைக்கே அந்த வண்டியில் பெரம்பலூரை விட்டுக் கிளம்பியிருந்தாள். அரியலூருக்கு. தனியாக.

வண்டி நாங்களே செய்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சாய்வு நாற்காலியில் இருப்பதுபோலச் சாய்ந்துகொண்டு, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். பின் சக்கரத்தில் மோட்டார். பேட்டரி மட்டும் என்றால் இருபது கிலோமீட்டர் ஓடும். போகப் போக வெயிலும் ஊட்டிக்கொண்டே வந்தால்தான் அரியலூர் வரை இழுக்கும். அந்த வெயில் வரும் வழியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் நிதானமாகச் சோறு தின்றிருக்கிறேன்.

நித்யாவின் வலது கால் பிறவியிலேயே வலுவில்லாதது. மோட்டார் நின்றுவிட்டால் அவளால் அவ்வளவு கனத்தை மிதித்து நகர்த்த முடியாது. உட்காருமிடம் தரையிலிருந்து ஒரு முழ உயரம்தான். அந்தச் சாலையில் நாள் முழுவதும் போகிறவை சுண்ணாம்புக்கல் லாரிகள். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவரின் கண்ணுக்கு அவ்வளவு தாழ்வான வண்டி படாது என்று ஒரு வருடமாக நினைத்து நினைத்துப் பயந்திருக்கிறேன்.

அவள் எண்ணுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அவளுடைய பழைய போனும் அந்த வண்டியிலிருந்துதான் சார்ஜ் ஏறுகிறது.

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த தம்பிகள் கொஞ்ச நாளாகவே, ஓய்வு பெற்றவர்கள் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலையில் இப்போது எல்லாம் மாறிவிட்டதாம். ஆளுக்கொரு எஃகுப் பூட்டு, படம் ஒட்டிய அட்டை, கம்ப்யூட்டரில் அனுமதி. "இப்பல்லாம் யாரும் ஃபியூஸைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு அலையறது இல்லண்ணே. அந்தக் கதையை எழுதுங்க, புதுசா வந்த பசங்க நம்ப மாட்டேங்குறாங்க" என்றான் ஒருவன். எழுத உட்காருவேன், ஓடாது. மூன்று வாரத்துக்கு முன் அந்த மதியம் நடந்ததற்குப் பிறகு இது ஒன்றைத்தான் எழுத முடிகிறது.

ஐடிஐ முடித்து இருபது வயதில் வயர்மேனாகச் சேர்ந்தேன். பழகுநர் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏணி பிடித்தேன், டீ வாங்கினேன், இரண்டு முறை ஷாக் வாங்கினேன். என் வேலை உண்மையில் தொடங்கியது எலக்ட்ரிகல் இஞ்சினியர் வேதமூர்த்தி சாரிடம் போன பிறகுதான்.

சார் குள்ளமானவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை நடக்கும் இடத்துக்கு வந்தால் காலி கிரீஸ் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். காதில் சொருகிய பென்சிலை எடுக்கவே மாட்டார். எழுதுவதற்கு எங்களிடம்தான் பேனா கேட்பார். லைன் செத்துவிட்டதா என்று பார்க்க டெஸ்டரை வைத்தால், "மொதல்ல டெஸ்டர் உசுரோட இருக்கான்னு பாத்தியா?" என்பார். கரண்ட் இருக்கிற இடத்தில் ஒரு தடவை வைத்து விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு செத்த லைனில். பிறகு மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில். மூன்று தடவை. அவசரத்தில் மூன்றாவதை விட்டுவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வாளியில் உட்கார்ந்திருப்பார். நாமாக ஞாபகம் வந்து வைக்கும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

அவர் கொண்டுவந்த வழக்கம்தான் ஃபியூஸ் கட்டை. ஒரு மெஷினுக்குள் கையை விடப் போகிறவன் அதன் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்க வேண்டும். இரண்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு ஒன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவர் பொறுப்பிலிருக்கும் மெஷினின் கட்டைகளிலும் அவரவர் பெயரின் முதல் எழுத்து இருக்கும், சிவப்புப் பெயிண்டில். வேலை முடிந்ததும் எடுத்தவனே வந்து போட வேண்டும். போடுவதற்கு முன் மெஷினில் வேலை செய்த அத்தனை பேரும் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, தன் வாயால், "நான் வெளியதான் நிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் சொல்லக் கூடாது. புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஆள் எதற்கு நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும்?

ஒரு தடவை செல்வராசு கட்டையைப் பையில் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டான். என் வயதுக்காரன், கல்லங்குறிச்சிக்காரன். அன்றைக்கு அவன் ஊரில் தேர். சுண்ணாம்புக்கல் கொண்டுவரும் பெல்ட் நிற்கிறது, புரொடக்ஷன் ஆட்கள் குதிக்கிறார்கள். ஸ்டோரில் மாற்றுக் கட்டை இருக்கிறது. சார் அதைத் தொட விடவில்லை. "எடுத்தவனைக் கூட்டியாங்க" என்றார். ஜீப்பில் நான்தான் போனேன். அவ்வளவு கூட்டத்தில் தேடி, கடைசியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு நீர்மோர் வாங்கும் வரிசையில் நின்றவனைப் பிடித்தேன்.

"என்னடா முருகேசு, தேர் பாக்க வந்தியா?"

"தேரா? உன் பாக்கெட்டைப் பாக்க வந்தேன்."

தொட்டுப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "ஆயிரம் பேரு இழுக்குற தேருகூட எனக்காவ நிக்காதுடா, பெல்ட்டு நின்னிருக்கு பாரு" என்று ஜீப்பில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆலை நின்றதற்கு மேலிடத்தில் சார் என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. செல்வராசுவிடம் மட்டும், "மொட்டை நல்லாருக்கு. கட்டையைப் போடு" என்றார்.

அடுத்ததை எழுதத்தான் இத்தனை வருடம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மதியம் இரண்டு மணி ஷிப்ட் மாறும் நேரம். சார் திருச்சிக்குப் போயிருந்தார். கல் உடைக்கும் இடத்திலிருந்து வரும் பெல்ட் நின்றிருந்தது. நான் அப்போதுதான் உள்ளே வந்து பெட்டியைத் திறந்தேன். 'செ' என்று எழுதிய இரண்டு கட்டைகள் கீழே கிடந்தன. ஒன்று இல்லை. செல்வராசு எங்கே என்று கேட்டேன். காலை ஷிப்ட் ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் வெளிய வந்தாச்சு, போடுப்பா" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. கல் இறக்க வேண்டிய லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. செல்வராசு மறுபடியும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். முன்பு ஒருமுறை அப்படிப் போனவன்தானே. அந்தத் தேர்க் கதையை நாங்கள் அத்தனை தடவை சொல்லிச் சிரித்திருந்ததால் எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. மறுபடியும் ஜீப் எடுத்துக்கொண்டு போக அலுப்பு. ஸ்டோர் அலமாரி திறந்திருந்தது. எழுத்துப் போடாத ஒரு கட்டையை எடுத்து, கிடந்த இரண்டோடு சேர்த்துப் போட்டுச் சுவிட்சைத் தள்ளிவிட்டேன்.

பெல்ட் எட்டு விநாடி ஓடியிருக்கும். பிறகு யாரோ பெல்ட்டை ஒட்டிப் போகும் அவசரக் கயிற்றை இழுத்து நிறுத்தினார்கள்.

செல்வராசு பெல்ட் திரும்புகிற வால் உருளைக்குப் பின்னால், மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விட்டிருந்தான். ஷிப்ட் முடிந்த பிறகும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று இருந்திருக்கிறான். இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

தஞ்சாவூருக்கு ஜீப்பில் கொண்டுபோனபோது அவன் தலை என் மடியில் இருந்தது. திருமானூர் தாண்டிக் கொள்ளிடம் பாலம் வந்ததும் கண்ணைத் திறந்தான். வலது கையால் சட்டைப் பையைத் துழாவி, 'செ' என்று எழுதிய அவனுடைய கட்டையை எடுத்து என்னிடம் காட்டினான்.

"இது எங்கிட்டதானடா இருக்கு. அப்புறம் எப்படி ஓடுச்சு?"

 கட்டை அவன் கையிலிருந்து நழுவி ஜீப்புக்குள் விழுந்தது. எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வேதமூர்த்தி சார் என்னை உட்கார வைத்து ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். அன்றைக்கு மட்டும் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அதையும் கொடுத்தார். "நடந்ததை எழுது. எப்படி நடந்ததுன்னு மட்டும். ஏன்னு எழுதாத, அதை நான் எழுதிக்கிறேன்." நான் எழுதினேன். அதன் கீழே அவர், மாற்றுக் கட்டை வைத்த அலமாரியைப் பூட்டாமல் விட்டது தன் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வேலை போகவில்லை. ஸ்டோரில் இருந்த எழுத்தில்லாத கட்டைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, வாளியில் உட்கார்ந்தபடியே சுத்தியலால் ஒவ்வொன்றாக உடைத்தார். உடைத்த துண்டுகளை நான்தான் கூட்டி அள்ளினேன்.

செல்வராசு திரும்பி வந்ததும் கேட்டில் வேலை கொடுத்தார்கள். நான்தான் போட்டேன் என்று யார் மூலமாகவோ அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் பதிவேட்டைத் திருப்பி வைப்பான், நான் கையெழுத்துப் போடுவேன். முருகேசு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. அவன் எனக்கு முன்பே ஓய்வு பெற்றான். அவன் எண் சங்கத்துப் பட்டியலிலிருந்து என் போனில் ஏறியிருந்தது. ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

அந்த விபத்துக்கு ஆறு வருடம் கழித்து நித்யா பிறந்தாள். காலைப் பார்த்துவிட்டு நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது செல்வராசுவின் கைதான். இதை அவள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நித்யா இயற்பியல் படித்தவள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. கொஞ்ச தூரம் போனாலே இடுப்பு வலிக்கும் என்று அதைத் தொடமாட்டாள். ஒருநாள் நோட்டில் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள்.

"சாஞ்சு உக்காந்து ஓட்டுற வண்டிப்பா. இடது கால் மிதிக்கும், வலது கால் சும்மா கூட வரும். முதுகுக்குச் சாய்மானம் இருக்கு. விழவே விழாது. மேல சோலார்."

"இதை எங்க விக்கிறாங்க?"

"விக்கலை. உங்களுக்கு வெல்டிங் தெரியும்ல?"

ஒரு வருடம் பிடித்தது. வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட இடம். காலையில் அவள் கணக்குப் போட்டு வைப்பாள். நான் சதுரக் குழாயை அறுப்பேன். முன் சக்கரங்கள் சின்னப் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து, பின் சக்கரம் என் பழைய சைக்கிளிலிருந்து. மூன்று செயினை ஒன்றாகக் கோத்து, சட்டையில் படாமலிருக்கப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டோம். உட்காருமிடத்தைக் கட்டிலுக்குப் பின்னுகிற நைலான் நாடாவால் அவளே பின்னினாள். வண்டிக்கு முதலில் செய்த கூரையை ஆடிக் காற்று தூக்கிக் கொண்டுபோய்ப் பக்கத்து மனையில் போட்டது. அடுத்த கூரையைச் சாய்த்து, தாழ்த்திக் கட்டினோம். லாரிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று மூங்கில் கழியில் ஆரஞ்சுத் துணியைக் கட்டி ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்தினேன். போதாது என்று இன்னும் ஒரு முழம் நீட்டினேன்.

தெருவில் முதல் ஓட்டம் பார்த்தபோது எதிர்வீட்டுத் தங்கராசு பல்குச்சியோடு வந்து நின்றார்.

"என்ன முருகேசண்ணே, பாடைக்குச் சக்கரம் வச்சிட்டீங்க போலருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. நித்யா படுத்த வாக்கிலேயே திரும்பிப் பார்த்தாள். "ஏறிப் படுத்துப் பாக்குறீங்களா மாமா? உங்க அளவுக்குத்தான் செஞ்சோம்."

தங்கராசு வாயிலிருந்த குச்சி விழுந்துவிட்டது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வண்டி முடிந்துவிடக் கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. நல்ல வெல்டிங்கை வெட்டிவிட்டு மறுபடி பற்ற வைத்திருக்கிறேன். பிரேக் கம்பியை நான்கு தடவை மாற்றினேன். ஒவ்வொரு குறை தெரியும்போதும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும், இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று. அதற்குள் அவளுக்கு அரியலூரில் ஒரு பள்ளியில் ஆய்வக வேலை கிடைத்துவிட்டது. பெண்கள் விடுதியில் தங்க இடமும் பார்த்துவிட்டாள். வண்டி ஓடினால் அவள் போய்விடுவாள்.

சோலார் வழிக்கு ஃபியூஸ் போட வேண்டியிருந்தபோது கடைகளில் கிடைக்கும் சின்னக் கண்ணாடிக் குழாய் எனக்குப் பிடிக்கவில்லை. என் கருவிப் பெட்டியின் அடியில் இத்தனை வருடமாகத் துணியில் சுற்றிக் கிடந்த செல்வராசுவின் கட்டையை எடுத்துத் துடைத்துப் போட்டேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. என்னிடம் இருந்த பொருட்களில் அதைத்தான் நான் மிகவும் பயந்து வைத்திருந்தேன். அவள் போகும் வண்டியில் அது இருக்கட்டும் என்று தோன்றியது. நித்யா அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக் கேட்டாள். ஒருவருக்குக் கை போனதைச் சொன்னேன். ஃபியூஸ் இல்லாத இடத்தில் யாரோ கையை உள்ளே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், எடுத்தவர் வந்துதான் போட வேண்டும் என்று சொன்னேன். போட்டவன் நான் என்பதைச் சொல்லவில்லை.

கிளம்பும் நாளில் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "பின்னாடியே ஸ்கூட்டர்ல வரக் கூடாது. வழியில மறிச்சுப் பாக்கக் கூடாது. நான் சேந்துட்டுப் போன் பண்றேன்." ஒப்புக்கொண்டேன். அவள் அம்மா அரும்பாவூரில் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். பதினொரு மணிக்குக் கடைசியாக ஒரு தடவை எல்லாத் திருகுகளையும் இறுக்கிப் பார்த்துவிடலாம் என்று வண்டியின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். திறந்ததும் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் கையை உள்ளே விட்டிருக்கிறேன். நாற்பது வோல்ட்டுக்கு அது தேவையே இல்லை. கை அப்படித்தான் பழகியிருக்கிறது. நடுவில் அரும்பாவூரிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து மூடியைப் போட்டு மூடிவிட்டேன்.

இரண்டு பத்துக்குப் பையில் கட்டை தட்டுப்பட்டதும் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். சாவி துளைக்குள் போகவே இல்லை. போன் அடித்தது. நித்யாவின் அம்மா.

"சேந்துட்டாளா?"

"இன்னும் இல்ல. வந்துருவா."

"ஏன் மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"மாடி ஏறினேன்" என்றேன். எங்கள் வீட்டில் மாடி கிடையாது. அவள் போனை வைத்துவிட்டாள்.

இருபது கிலோமீட்டர் என்றால் பேரளியைத் தாண்டி அரியலூருக்குப் பாதிக்கு மேல் போயிருப்பாள். அந்தப் பக்கம் எனக்கு யாரைத் தெரியும் என்று போனில் ஒவ்வொரு பெயராகத் தள்ளினேன். வேலையிலிருக்கும் தம்பிகள் ஷிப்டில் இருப்பார்கள்; அரியலூர்ப் பக்கத்தில் உடனே கிளம்பக்கூடிய ஒரே பெயர் செல்வராசுதான். இரண்டு தடவை தாண்டிப் போய், மூன்றாவது தடவை அழுத்தினேன்.

"யாரு?"

"நான் முருகேசன். ஃபேக்டரி முருகேசன்."

 நான் தடதடவென்று சொன்னேன். மகள், கால், வண்டி, லாரி, கொடி. ஃபியூஸ் கட்டை என் பையில் இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"எந்த ரோடு?" என்றான்.

"பெரம்பலூர் ரோடு. பேரளி தாண்டி, உங்க பக்கமா. சரியா எங்கன்னு தெரியலை செல்வராசு."

போனை வைத்துவிட்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

இந்த நிலையில் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது என்று, ஓடிப் போய் அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"எங்கண்ணே?" என்றார் கண்டக்டர்.

"அரியலூர் போற வழியில. எங்கயாவது எறங்குவேன்."

"எங்கயாவதுன்னு டிக்கெட்டு இல்லிங்களே."

அரியலூருக்கே வாங்கினேன். சித்தளியில் ஏறிய ஒரு பெண்மணி என் தவிப்பைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். "கூரை போட்ட வண்டிதானே? மதியம் போச்சு. காலை நீட்டிக்கிட்டு ராணியாட்டம். நான்கூட எங்க வூட்டுக்காரர்ட்ட காட்டினேன்" என்றார். அழுதுவிடுவேன் போல இருந்தது.

பேரளி தாண்டியதும் முன்னால் ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே நின்றது. சுற்றிலும் ஆட்கள். பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடினேன். கூட்டத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பின் டயர் வெடித்துக் கிழிந்து கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை. யாரோ, "என்னங்க, உங்க வண்டியா?" என்று கேட்டார். பஸ்ஸில் போனால் வண்டியைப் பார்க்காமல் தாண்டிவிடுவேன் என்று தோன்றியது. அங்கிருந்து நடக்க ஆரம்பித்தேன். பஸ் என்னைத் தாண்டிப் போகும்போது கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். கையை ஆட்டிவிட்டேன்.

ஒரு கிலோமீட்டர் நடந்திருப்பேன். முதலில் தெரிந்தது ஆரஞ்சுத் துணி. நான் இன்னும் ஒரு முழம் நீட்டிக் கட்டிய கழி.

வேப்ப மரத்தடியில் வண்டி நிழலில் நின்றது. பக்கத்தில் பஸ் நிறுத்தக் கட்டடம், அதையொட்டி ஒரு பஞ்சர் கடை. சிமெண்ட் பெஞ்சில் நித்யா உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நடந்தா வந்தீங்க? என்னப்பா இது, சட்டையெல்லாம் நனைஞ்சு."

 அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள்.

பஞ்சர் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தபடியே சொன்னார்: "நல்லா வந்தீங்க சார். ஒரு ஒயர்த் துண்டு வச்சா முடிஞ்சிரும், நான் தரேங்கறேன், வேண்டாங்குது உங்க பொண்ணு. ஒன்றரை மணி நேரமா இங்கயே உக்காந்திருக்கு. போன் தரேன்னேன். நம்பர் மனப்பாடம் இல்லையாம்."

"ஒயரு இருந்துச்சுல்லம்மா. உனக்குத் தெரியாதா அது?" என்றேன்.

"தெரியும்" என்றாள். "பேட்டரி சட்டுனு எறங்குச்சு. தொறந்து பாத்தேன். கட்டை இல்ல. நீங்கதான் எடுத்திருக்கீங்கன்னு தெரிஞ்சிருச்சு. எடுத்தவங்க வந்துதானே போடணும்."

"அது மெஷினுக்கும்மா. இது வெறும் நாற்பது வோல்ட்டு."

"நாற்பதுக்கு ஒரு சட்டம், நானூறுக்கு ஒரு சட்டம்னு நீங்க சொல்லலியே. சாயங்காலத்துக்குள்ள சட்டைப் பையில கை விடுவீங்க, வந்துருவீங்கன்னு தெரியும்." கடலைத் தோலை ஊதிவிட்டு என்னைப் பார்க்காமல் கேட்டாள். "வேணும்னே எடுத்தீங்களாப்பா?"

இரண்டு பத்திலிருந்து அதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தெரியலம்மா" என்றேன்.

 "சரி. தெரிஞ்சா சொல்லுங்க" என்று உரித்த கடலையை என் கையில் கொட்டினாள்.

மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் இருந்தது. கட்டையைப் போட்டு ஒரு மணி நேரம் வண்டியை வெயிலில் நிறுத்தினால் மீதி தூரத்துக்கு மெதுவாகவாவது போய்விடலாம் என்று அவள் கணக்குச் சொன்னாள். வண்டியை மரத்தடியிலிருந்து வெளியே தள்ளினேன். அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் நின்றாள். மூடியைத் திறந்தேன். கட்டையைப் பையிலிருந்து எடுத்தேன்.  துளைக்கு நேரே வைக்கிறேன், விலகிப் போகிறது. ஜீப்பும், கொள்ளிடம் பாலமும், மடியில் கிடந்த தலையும் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டேயிருந்தன.

அரியலூர்ப் பக்கமிருந்து ஒரு மொபெட் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. வெள்ளை வேட்டி, நரைத்த மீசை. ஹேண்டில்பாரில் இடது கையின் கட்டைவிரல் மட்டும் கோத்திருந்தது. ஸ்டாண்டு போட்டுவிட்டு நித்யாவைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தான். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தான். கிட்டே வந்து குனிந்து பார்த்தான். 'செ' பாதி அழிந்திருந்தது.

"என்னுதுல்ல இது?"

"ஆமா."

செல்வராசு கட்டையை வாங்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால், நித்யாவுக்குப் பக்கத்தில், பெட்டியைத் திறந்து வைத்திருந்த எனக்கு நேர் எதிரே நின்றான். இரண்டு கையையும் எனக்குத் தெரிகிற மாதிரி முன்னால் நீட்டினான்.

"போடு முருகேசு" என்றான். "நான் வெளியதான் நிக்கிறேன்."